மரத்திலிருந்து விழுதலால் ஏற்படும் முதுகெலும்பு, மூட்டுக் காயங்கள்

மரத்திலிருந்து விழுதலால் ஏற்படும் முதுகெலும்பு, மூட்டுக் காயங்கள் என்பன தென்னை, பனை, பாக்கு முதலிய உயர்ந்த மரங்களில் ஏறித் தொழில் செய்வோர் தவறி விழும்போது உண்டாகும் எலும்பு முறிவுகள், மூட்டு விலகல்கள், தசைநார்க் கிழிவுகள், தண்டுவடக் காயங்கள் ஆகியவற்றைக் குறிக்கும். இந்தியாவிலும் இலங்கையிலும் தென்னை பயிரிடப்படும் பகுதிகளில் தண்டுவடக் காயத்திற்கான முக்கியக் காரணங்களுள் இதுவும் ஒன்றாகும். தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் மாவட்டத்தின் தொண்டாமுத்தூர், பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரங்கள் தென்னை மிகுந்த பகுதிகள் ஆதலால் அங்கு இவ்வகைக் காயங்கள் பரவலாக அறியப்பட்டவை.

இக்காயங்களின் விளைவு விழுந்த உயரத்தை மட்டும் பொறுத்ததன்று. விழுந்தவரை முதல் சில நிமிடங்களில் எவ்வாறு தூக்கினர் என்பதும், பின்வரும் மாதங்களில் அவருடைய தோலும் சிறுநீர்ப்பையும் எவ்வாறு பேணப்பட்டன என்பதும் அவர் நடப்பாரா, நெடுநாள் வாழ்வாரா என்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன.

பின்னணி

தொண்டாமுத்தூர் கோயம்புத்தூர் நகருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், நொய்யல் ஆற்றின் தலைப்பகுதியில் அமைந்துள்ளது. தென்னை, பாக்கு, வாழை, திராட்சை, மஞ்சள், சின்ன வெங்காயம் ஆகியன இப்பகுதியின் முக்கியப் பயிர்களாகும். நெட்டை வகைத் தென்னை 20 மீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. பொதுவாக 45 நாட்களுக்கு ஒரு முறை காய் பறிக்கப்படுவதால் ஒவ்வொரு மரத்திலும் ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டு முறை ஒருவர் ஏற வேண்டியுள்ளது. தொரட்டியால் எட்டாத உயரத்தை மரம் அடைந்த பின்னர் ஏறுவதைத் தவிர வேறு வழியில்லை.

விழுவதற்கான பொதுவான காரணங்கள் வருமாறு:

- மழைக்காலத்தில் பாசி படிந்து வழுக்கும் மரம்
- நைந்துபோன தளைக்கயிறு அறுதல்
- கொண்டைப் பகுதியில் காய்ந்த மட்டையைப் பச்சை மட்டை எனக் கருதிப் பிடித்தல்
- மட்டைகளுக்கிடையே கூடு கட்டியிருக்கும் குளவிகள் கொட்டுதல்
- நாளின் இறுதியில் ஏற்படும் களைப்பு, தலைச்சுற்றல், மது அருந்தியிருத்தல்
- அருகில் செல்லும் மின்கம்பியில் மட்டையோ உலோகத் தொரட்டியோ பட்டு மின்னதிர்ச்சி ஏற்படுதல்

விழுதலின் இயற்பியல்

தடையின்றி விழும் ஒருவர் 5 மீட்டர் உயரத்திலிருந்து தரையை அடையும்போது மணிக்கு ஏறத்தாழ 36 கி.மீ. வேகத்தையும், 10 மீட்டர் உயரத்திலிருந்து மணிக்கு ஏறத்தாழ 50 கி.மீ. வேகத்தையும் பெற்றிருப்பார். 10 மீட்டர் விழுவதற்கு ஆகும் நேரம் ஏறத்தாழ 1.4 நொடிகள் மட்டுமே. எனவே விழும்போது உடலைத் திருப்பிக்கொள்ளவோ எதையேனும் பற்றிக்கொள்ளவோ நேரம் இருப்பதில்லை.

காயத்தின் கடுமையை முடிவு செய்வது வேகம் மட்டுமன்று, அவ்வேகம் எவ்வளவு தொலைவிற்குள் நிறுத்தப்படுகிறது என்பதும் ஆகும். 10 மீட்டர் விழுந்த உடல் 10 செ.மீ. தொலைவிற்குள் நின்றால் அது சராசரியாகப் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் 100 மடங்கு எதிர்முடுக்கத்திற்கு உள்ளாகிறது. நீர் பாய்ச்சிய மண்ணில் 30 செ.மீ. தொலைவிற்குள் நின்றால் அது மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. ஈர மண்ணில் விழுந்தவர் உயிர் தப்புவதும், அதே உயரத்திலிருந்து கல்வரப்பில் விழுந்தவர் இறப்பதும் இதனாலேயே.

உடலின் எப்பகுதி முதலில் தரையில் படுகிறதோ அதற்கேற்பக் காயங்கள் அமைகின்றன. பாதம் ஊன்றி விழுந்தால் விசை குதிகால், கணுக்கால், முழங்கால், இடுப்பு மூட்டு வழியாக முதுகெலும்பின் கீழ்ப்பகுதியை அடைகிறது. புட்டம் பட விழுந்தால் நாரி முள்ளெலும்புகளும் திருவெலும்பும் தாக்கப்படுகின்றன. கையை ஊன்றினால் மணிக்கட்டு, முழங்கை, தோள்மூட்டு ஆகியவையும், தலை பட விழுந்தால் மண்டையோடும் கழுத்தும் பாதிக்கப்படுகின்றன. குதிகால் எலும்பு முறிந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு முதுகெலும்பும் முறிந்திருக்கும் என்பது எலும்பு மருத்துவத்தில் நன்கறியப்பட்ட செய்தியாகும். ஆகவே குதிகாலில் மட்டும் வலி என்று கூறுபவரின் முதுகையும் பரிசோதிக்க வேண்டும்.

உடற்கூற்றியல்

மனித முதுகெலும்புத் தொடர் 33 முள்ளெலும்புகளால் ஆனது. அவற்றுள் கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் (நாரி) 5 முள்ளெலும்புகள் தனித்தனியே அசையக்கூடியவை. திருவெலும்பில் 5 எலும்புகளும் வால் எலும்பில் பொதுவாக 4 எலும்புகளும் ஒன்றோடொன்று இணைந்துள்ளன. அசையும் முள்ளெலும்புகளுக்கு இடையே அதிர்ச்சி தாங்கும் இடைவட்டுகள் அமைந்துள்ளன.

முள்ளெலும்புகளின் நடுவிலுள்ள கால்வாய் வழியே தண்டுவடம் செல்கிறது. இதன் நீளம் வளர்ந்தவர்களில் ஏறத்தாழ 45 செ.மீ. ஆகும். தண்டுவடம் முதலாம், இரண்டாம் நாரி முள்ளெலும்புகளின் மட்டத்தில் முடிவடைகிறது. அதற்குக் கீழே குதிரை வால் போன்ற நரம்புக் கற்றை மட்டுமே உள்ளது. தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகள் கிளைக்கின்றன.

மார்பு முள்ளெலும்புகள் விலா எலும்புக் கூட்டுடன் பிணைக்கப்பட்டிருப்பதால் விறைப்பானவை. நாரி முள்ளெலும்புகள் எளிதில் வளைபவை. விறைப்பான பகுதியும் வளையும் பகுதியும் சந்திக்கும் இடத்தில், அதாவது பன்னிரண்டாம் மார்பு முள்ளெலும்பிற்கும் முதலாம் நாரி முள்ளெலும்பிற்கும் அண்மையில், தகைவு குவிகிறது. உயரத்திலிருந்து விழுவோருக்கு இவ்விடத்திலேயே முறிவு மிகுதியாக ஏற்படுகிறது.

முதுகெலும்புக் காயங்களின் வகைகள்

எலும்பின் முறிவும் தண்டுவடத்தின் காயமும் ஒன்றல்ல. எலும்பு முறிந்தும் தண்டுவடம் தப்பலாம். எலும்பு முறியாமலேயே தண்டுவடம் நசுங்கவும் கூடும்.

எலும்பு முறிவுகள் பொதுவாகப் பின்வருமாறு வகுக்கப்படுகின்றன:

- அமுக்க முறிவு: முள்ளெலும்பின் முன்பகுதி ஆப்பு வடிவில் நசுங்குதல். பெரும்பாலும் நிலையானது.
- வெடிப்பு முறிவு: முள்ளெலும்பு பல துண்டுகளாகச் சிதறி, ஒரு துண்டு பின்னோக்கித் தண்டுவடக் கால்வாயினுள் தள்ளப்படுதல்.
- இழுவிசை முறிவு: பின்புற எலும்புகளும் தசைநார்களும் பிளவுபடுதல்.
- முறிவு விலகல்: ஒரு முள்ளெலும்பு மற்றொன்றின் மீது சறுக்கி விலகுதல். இதில் தண்டுவடம் சேதமடையும் வாய்ப்பு மிக அதிகம்.

தண்டுவடக் காயம் முழுமையானது, முழுமையற்றது என இரு வகைப்படும். காயத்திற்குக் கீழே, ஆசனவாயைச் சூழ்ந்த பகுதி உட்பட, உணர்வும் அசைவும் அறவே இல்லையெனில் அது முழுமையான காயமாகும். ஆசனவாய்ப் பகுதியில் சிறிதளவு உணர்வு எஞ்சியிருந்தாலும் அது முழுமையற்ற காயமாகும். அவ்வாறெனில் மீள்வதற்கான வாய்ப்பு பெரிதும் கூடுகிறது. அமெரிக்க தண்டுவடக் காயச் சங்கத்தின் அளவுகோல் இதனை 'ஏ' முதல் 'இ' வரை ஐந்து படிகளாகப் பிரிக்கிறது. இவற்றுள் 'ஏ' முழுமையான காயத்தையும் 'இ' இயல்பு நிலையையும் குறிக்கும்.

காயம்பட்ட உடன் தண்டுவடம் சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரை தற்காலிகமாகச் செயலற்று இருக்கக்கூடும். இது தண்டுவட அதிர்ச்சி எனப்படும். இந்நிலை நீங்கும் முன் இறுதி விளைவை உறுதியாகக் கூற இயலாது.

காயத்தின் மட்டமும் விளைவும்

- கழுத்து 3 முதல் 5 வரை: உதரவிதானத்தை இயக்கும் நரம்பு இங்கிருந்து தோன்றுகிறது. இதற்கு மேற்பட்ட முழுமையான காயத்தில் மூச்சு நின்றுபோகும்.
- கழுத்து 5: முழங்கையை மடக்குதல்
- கழுத்து 6: மணிக்கட்டை மேல்நோக்கி உயர்த்துதல்
- கழுத்து 7: முழங்கையை நீட்டுதல். இத்திறன் எஞ்சியவரால் கையை ஊன்றிப் படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தாமே மாற முடியும்.
- நாரி 2: தொடையை உயர்த்துதல்
- நாரி 3: முழங்காலை நீட்டுதல்
- நாரி 4: பாதத்தை மேல்நோக்கி உயர்த்துதல்
- திருவெலும்பு 2 முதல் 4 வரை: சிறுநீர், மலம் ஆகியவற்றின் கட்டுப்பாடு

முதலுதவி

விழுந்தவரைக் கைகளையும் கால்களையும் பற்றித் தூக்குதல், எழுப்பி உட்கார வைத்தல், இருசக்கர வண்டியில் இருவருக்கு நடுவே அமர்த்திச் செல்லுதல் ஆகியவை நல்லெண்ணத்துடன் செய்யப்படும் தவறுகளாகும். இச்செயல்களின்போது முதுகு வளைவதால் முறிந்த எலும்பின் துண்டு தண்டுவடத்தை மேலும் நசுக்கக்கூடும். விழுந்தபோது கால்களை அசைக்க முடிந்த ஒருவர், மருத்துவமனையை அடையும்போது அசைக்க முடியாதவராக ஆவதற்கு இதுவே காரணமாக அமையலாம்.

செய்ய வேண்டியவை:

1. விழுந்தவரை விழுந்த நிலையிலேயே இருக்கச் செய்து, அசைய வேண்டாம் எனக் கூறுதல். அருகில் மின்கம்பி அறுந்து கிடத்தல் போன்ற உடனடி ஆபத்து இருந்தால் மட்டுமே அவ்விடத்தை விட்டு நகர்த்துதல்.
2. 108 என்ற எண்ணை அழைத்தல். தோட்டத்திற்குள் வண்டி வரும் வழியைக் காட்ட ஒருவரைச் சாலையில் நிறுத்துதல். இவ்வவசர ஊர்திச் சேவை தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கப்பட்டது.
3. ஒருவர் தலைமாட்டில் அமர்ந்து இரு கைகளாலும் தலையைப் பற்றி, உடலின் நேர்கோட்டில் அசையாமல் வைத்திருத்தல்.
4. மூச்சையும் இரத்தப்போக்கையும் கவனித்தல். இரத்தம் கசியும் இடத்தைத் துணியால் அழுத்திப் பிடித்தல்.
5. இடுப்பில் செருகிய அரிவாள், பைகளில் உள்ள கடினமான பொருட்கள் ஆகியவற்றை உடலை அசைக்காமல் அகற்றுதல்.
6. வாந்தி எடுத்தால், தலை, தோள், இடுப்பு, கால் ஆகியன ஒரே நேரத்தில் திரும்புமாறு குறைந்தது நான்கு பேர் சேர்ந்து மரக்கட்டையை உருட்டுவது போல் ஒருக்களித்துத் திருப்புதல்.
7. வண்டி வர இயலாத இடமாயின், இதே முறையில் திருப்பி, அகன்ற பலகை அல்லது கழற்றிய கதவின் மீது படுக்க வைத்து, தலையின் இரு பக்கமும் சுருட்டிய துணிகளை வைத்துக் கட்டி, கிடைமட்டமாகக் கொண்டு செல்லுதல்.

குடிக்க நீரோ உணவோ தரக்கூடாது. அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து தர நேரிடும்போது வயிற்றிலுள்ள நீர் மூச்சுக்குழலுள் செல்லும் ஆபத்து உண்டு. விழுந்த நேரத்தையும், விழுந்த உடன் கால் விரல்களை அசைக்க முடிந்ததா என்பதையும் குறித்து வைத்து மருத்துவரிடம் கூறுவது சிகிச்சைக்குப் பெரிதும் உதவும். உணர்விழந்த தோலில் சில மணி நேரத்திற்குள் அழுத்தப்புண் தொடங்கிவிடுவதால், மருத்துவமனையை அடைந்ததும் கடினப் பலகையை விரைவில் அகற்ற வேண்டும்.

கண்டறிதல்

உணர்வு, தசை வலிமை, அனிச்சைச் செயல்கள் ஆகியவை முறையாகப் பரிசோதிக்கப்பட்டுக் குறிக்கப்படுகின்றன. எக்ஸ்-கதிர்ப் படம் முறிவின் பொதுவான நிலையைக் காட்டுகிறது. சி.டி. படம் எலும்புத் துண்டுகளின் இடத்தையும், எம்.ஆர்.ஐ. படம் தண்டுவடம், இடைவட்டு, தசைநார் ஆகியவற்றின் நிலையையும் தெளிவாகக் காட்டுகின்றன. ஓரிடத்தில் முறிவு கண்டறியப்பட்டால் முதுகெலும்பு முழுவதையும் ஆராய்தல் அவசியமாகும். ஏனெனில் சிலருக்கு அதனின்று தொலைவிலுள்ள மற்றோர் இடத்திலும் முறிவு இருக்கும். ஓரிடத்தின் கடும் வலி மற்றோர் இடத்தின் வலியை மறைத்துவிடுவதுண்டு.

முதுகெலும்புக் காயத்திற்கான சிகிச்சை

நிலையான அமுக்க முறிவுகளுக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சை தேவையில்லை. வலி நிவாரணிகள், தேவைக்கேற்ப 8 முதல் 12 வாரங்களுக்கு முதுகுப் பட்டை, விரைவில் எழுந்து நடத்தல், பின்னர் முதுகுத் தசைப் பயிற்சி ஆகியவை போதுமானவை. பல வாரங்கள் படுக்கையிலேயே கிடப்பது தசைகளை நலிவடையச் செய்வதோடு கால் சிரைகளில் இரத்தம் உறையவும் வழி வகுக்கும்.

நிலையற்ற முறிவுகளில் பாதிக்கப்பட்ட முள்ளெலும்புக்கு மேலும் கீழும் உள்ள எலும்புகளில் திருகுகளைச் செலுத்தி, அவற்றை உலோகத் தண்டுகளால் இணைத்து நிலைப்படுத்துவர். தண்டுவடத்தை அழுத்தும் எலும்புத் துண்டுகள் அகற்றப்படும். தண்டுவடம் பாதிக்கப்பட்டிருப்பின், நோயாளியின் பொதுநிலை இடம் தருமாயின், 24 மணி நேரத்திற்குள் அழுத்தத்தை நீக்குவது நல்லது என்பது இன்றைய கருத்தாகும். தண்டுவடத்திற்குப் போதிய இரத்தம் செல்லுமாறு இரத்த அழுத்தத்தைப் பேணுதலும் முக்கியமானது. 1990களில் பரவலாக அளிக்கப்பட்ட உயர் அளவு மீத்தைல்பிரெட்னிசலோன் ஊசி, பக்கவிளைவுகள் காரணமாகத் தற்போது வழக்கமான சிகிச்சையாகக் கொள்ளப்படுவதில்லை.

இவ்வறுவை சிகிச்சை அறுந்த தண்டுவடத்தை ஒட்டவைப்பதில்லை. மைய நரம்பு மண்டலத்தின் இழைகள் மீண்டும் வளர்ந்து இணையும் திறன் மிகக் குறைவு. அறுவையின் நோக்கம் மேலும் சேதம் ஏற்படாமல் தடுப்பதும், நோயாளியை விரைவில் உட்கார வைத்துப் பயிற்சியைத் தொடங்குவதும் ஆகும். முழுமையற்ற காயங்களில் மீட்சி பெரும்பாலும் முதல் ஆறு முதல் ஒன்பது மாதங்களில் நிகழ்கிறது; அதன் பின்னரும் மெதுவாகத் தொடரலாம். தண்டுவடக் காயத்தைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யப்படும் குருத்தணு ஊசிகளின் பயன் இதுவரை நிறுவப்படவில்லை. நிலத்தையும் நகையையும் விற்று இத்தகைய சிகிச்சைக்குச் செலவிடும் குடும்பங்களுக்கு, அதே தொகை சக்கர நாற்காலி, வீட்டு மாற்றங்கள், பயிற்சி ஆகியவற்றுக்குப் பெரிதும் பயன்படும்.

மூட்டுக் காயங்களும் சிகிச்சையும்

குதிகால் எலும்பு முறிவு: விழுந்த ஓரிரு நாட்களில் வீக்கமும் கொப்புளமும் தோன்றும். அறுவை தேவைப்படின், வீக்கம் தணிந்து தோலில் சுருக்கம் தோன்றும் வரை பொதுவாக ஒன்று முதல் இரண்டு வாரங்கள் காத்திருப்பர். இக்காலத்தாழ்வு கவனக்குறைவு அன்று. வீங்கிய தோலைக் கீறினால் புண் ஆறாது. ஏறத்தாழ 8 முதல் 12 வாரங்கள் காலை ஊன்றக்கூடாது. மேடு பள்ளமான நிலத்தில் நடப்பது சிலருக்கு நிலையான இடர்ப்பாடாக எஞ்சும்.

இடுப்பு மூட்டு விலகல்: இது அவசர நிலையாகும். தொடை எலும்பின் தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்படுவதால், இயன்றவரை ஆறு மணி நேரத்திற்குள் மூட்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். தவறினால் எலும்பின் தலை இறந்து, பிற்காலத்தில் செயற்கை மூட்டு தேவைப்படலாம்.

முழங்கை விலகலும் முறிவும்: முழங்கை எளிதில் இறுகிப்போகும் மூட்டாகும். எண்ணெய் தேய்த்து உருவுதலும், வலிந்து மடக்கி நீட்டுதலும் தசையினுள் எலும்பு உருவாகச் செய்து மூட்டை நிரந்தரமாக இறுக்கிவிடக்கூடும். நோயாளி தாமே மெதுவாக அசைக்கும் பயிற்சியே பாதுகாப்பானது.

மணிக்கட்டு முறிவு: எலும்பை நேராக்கி, ஏறத்தாழ ஆறு வாரங்கள் மாவுக்கட்டு இடப்படும். விரல்களையும் தோளையும் முதல் நாளிலிருந்தே அசைத்து வர வேண்டும்.

தோள்மூட்டு விலகல்: மயக்க மருந்து அல்லது வலி நிவாரணியின் துணையுடன் மூட்டு உள்ளே செலுத்தப்படும். பின்னர் சில வாரங்கள் கை தூளியில் இடப்படும்.

கணுக்கால் சுளுக்கு: மரமேறுவோர்க்கு மட்டுமன்றி, தொண்டாமுத்தூருக்கு அருகிலுள்ள வெள்ளியங்கிரி மலையில் ஏறி இறங்கும் பக்தர்களுக்கும் பொதுவானது. ஓய்வு, துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 முதல் 20 நிமிடங்கள் வைத்தல், அழுத்துக்கட்டு, காலை உயர்த்தி வைத்தல் ஆகியவை முதல் இரு நாட்களுக்கு உரியவை. நான்கு அடிகள் கூட ஊன்றி நடக்க முடியாவிடில் எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்து முறிவு உள்ளதா எனப் பார்க்க வேண்டும்.

கட்டுகளும் இரத்த ஓட்டமும்

மூங்கில் பத்தையும் துணியும் கொண்டு கட்டும் நாட்டுக் கட்டு முறை தமிழகத்தில் நெடுங்காலமாக வழக்கில் உள்ளது. ஆந்திரத்தின் புத்தூர்க் கட்டும் கொங்கு நாட்டில் அறியப்பட்டதே. விலகாத எளிய முறிவுகள் எம்முறையிலும் அசையாமல் வைத்திருந்தால் கூடக்கூடியவை. ஆனால் மூட்டினுள் செல்லும் முறிவு, தோல் கிழிந்த முறிவு, முதுகெலும்பு முறிவு ஆகியவற்றிற்கு இது ஏற்றதன்று.

நாட்டுக் கட்டு, மாவுக்கட்டு இரண்டிலும் இறுக்கம் மிகுந்தால் தசையறைகளில் அழுத்தம் கூடி இரத்த ஓட்டம் நின்றுபோகலாம். காயத்திற்குப் பொருந்தாத கடும் வலி, விரல்களை மற்றொருவர் நீட்டும்போது தாங்க முடியாத வலி, மரத்துப்போதல், விரல்கள் வெளுத்தல் ஆகியவை இதன் அறிகுறிகளாகும். உடனே கட்டை அவிழ்த்து மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சில மணி நேரத் தாமதம் கையையோ காலையோ இழக்கச் செய்யலாம்.

மறுவாழ்வு

தண்டுவடக் காயமுற்றோர் பண்டைக்காலத்தில் பெரும்பாலும் இறந்தது காயத்தால் அன்று. அதனைத் தொடர்ந்த அழுத்தப்புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் ஆகும். இவ்விரண்டும் தடுக்கக்கூடியவை.

- தோல் பராமரிப்பு: படுக்கையில் இரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். சக்கர நாற்காலியில் 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒரு முறை கையை ஊன்றி உடலை உயர்த்த வேண்டும். திருவெலும்பு, புட்டம், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால் ஆகியவற்றை நாள்தோறும் கண்ணாடி கொண்டு பார்க்க வேண்டும். அழுத்தம் நீங்கிய பின்னும் மறையாத சிவப்பு அல்லது கருமை புண்ணின் தொடக்கமாகும்.
- சிறுநீர்: தூய்மையான குழாயை 4 முதல் 6 மணி நேரத்திற்கு ஒரு முறை செலுத்திச் சிறுநீரை வெளியேற்றும் முறை 1972இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லாபிடசால் பரவலாக்கப்பட்டது. நிரந்தரக் குழாயைவிட இதில் தொற்றும் சிறுநீரகப் பாதிப்பும் குறைவு. நோயாளியோ குடும்பத்தினரோ இதனைக் கற்றுக்கொள்ளலாம்.
- மலம்: ஒவ்வொரு நாளும் அல்லது ஒன்றுவிட்ட ஒரு நாள் குறித்த நேரத்தில் கழிக்கும் வழக்கம், நார்ச்சத்துள்ள உணவு, போதிய நீர்.
- மூட்டுகள்: செயலிழந்த கால்களின் மூட்டுகளை நாள்தோறும் முழு அளவில் அசைத்து இறுக்கத்தைத் தடுத்தல்.
- சூடு: உணர்வற்ற காலில் வெந்நீர் ஒத்தடம், சூடான வண்டிப் புகைக்குழாய் ஆகியவை அறியாமலேயே தீப்புண்ணை உண்டாக்கும்.
- இரத்த அழுத்த உயர்வு: ஆறாம் மார்பு முள்ளெலும்பின் மட்டத்திலோ அதற்கு மேலோ காயமுற்றவருக்குத் திடீர்த் தலைவலியும் முகத்தில் வியர்வையும் தோன்றினால் அது ஆபத்தான இரத்த அழுத்த உயர்வாக இருக்கலாம். உடனே உட்கார வைத்து, இறுக்கமான ஆடைகளைத் தளர்த்தி, சிறுநீர் அடைபட்டுள்ளதா எனப் பார்க்க வேண்டும். நிலை சீராகாவிடில் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

மனச்சோர்வு இக்காலத்தில் மிகப் பொதுவானது. குடும்பத்தின் வருவாயை ஈட்டியவர் ஒரு நாளில் பிறரைச் சார்ந்திருப்பவராக ஆகிறார். பராமரிப்பின் சுமை பெரும்பாலும் மனைவி அல்லது தாயின் மீது விழுகிறது. ஆகவே அவர்களுக்கு அளிக்கப்படும் பயிற்சியும் ஓய்வும் சிகிச்சையின் பகுதிகளாகக் கருதப்பட வேண்டும். வாயிற்படியில் சாய்தளம், அகன்ற கழிப்பறைக் கதவு, அமர்ந்து செய்யும் தொழில் ஆகியவை மறுவாழ்வின் இன்றியமையாத கூறுகளாகும்.

வரலாறு

பண்டைய எகிப்தின் எட்வின் சிமித் பாப்பிரசுச் சுவடி, கழுத்து முறிந்து கைகால் செயலிழந்த நிலையைச் சிகிச்சை அளிக்க இயலாத நோயாக வகைப்படுத்தியது. இக்கருத்து இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்தது. 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் தொடங்கிய தண்டுவடக் காயப் பிரிவு, முறையான தோல், சிறுநீர்ப் பராமரிப்பின் மூலம் இதனை மாற்றியது. அவர் 1948இல் அங்கு நடத்திய விளையாட்டுப் போட்டிகளே பின்னர் இணை ஒலிம்பிக் போட்டிகளாக வளர்ந்தன.

தமிழ்நாட்டில் இத்துறையின் முன்னோடி மருத்துவர் மேரி வர்கீஸ் ஆவார். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அவர் 1954இல் வண்டி விபத்தில் தண்டுவடக் காயமுற்று இரு கால்களும் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பின்னர் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையை வழிநடத்தினார். அங்கு மறுவாழ்வு நிலையம் 1966இல் திறக்கப்பட்டது. இந்திய அரசு அவருக்கு 1972இல் பத்மசிறீ விருது வழங்கியது.

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன் 1975இல் கடற்படை அலுவலர் தேர்வின் உடற்திறன் சோதனையின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ்ச் செயலிழந்தார். இவர் 1981இல் அமர் சேவா சங்கத்தை நிறுவினார். தமக்குச் சிகிச்சை அளித்த இராணுவ மருத்துவர் அமர்ஜித் சிங் சகலின் பெயரை அதற்குச் சூட்டினார். 2020இல் இவருக்குப் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் 19 வயதிற்குட்பட்ட மகளிர் துடுப்பாட்ட அணியின் தலைவராக இருந்து, தண்டுவடக் காயமுற்ற பிரீத்தி சீனிவாசன், திருவண்ணாமலையில் 'சோல்ஃப்ரீ' அமைப்பை நடத்தி வருகிறார்.

கோயம்புத்தூரில் மருத்துவக் கல்லூரியுடன் இணைந்த அரசு மருத்துவமனை மாவட்டத்தின் முதன்மை அரசு சிகிச்சை மையமாகும். 1978இல் மருத்துவர் ஜே. ஜி. சண்முகநாதன் தொடங்கிய கங்கா மருத்துவமனை எலும்பு, முதுகெலும்பு, கை அறுவை சிகிச்சைகளுக்கு அறியப்பட்டது. தோல் கிழிந்த கால் எலும்பு முறிவில் காலைக் காப்பாற்ற இயலுமா என மதிப்பிட அங்கு உருவாக்கப்பட்ட மதிப்பெண் முறை 2006இல் மருத்துவ ஆய்விதழில் வெளியிடப்பட்டது. இதில் 14 அல்லது அதற்குக் குறைவான மதிப்பெண் பெற்ற கால்கள் காப்பாற்றத்தக்கவை எனக் கொள்ளப்படும்.

அரசு உதவிகள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் தகுதியுள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை சிகிச்சை வழங்கப்படுகிறது. 2021 ஆகத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் இயன்முறை மருத்துவர் வீட்டிற்கே வருகின்றனர். 2021 திசம்பரில் தொடங்கப்பட்ட இன்னுயிர் காப்போம் திட்டம் சாலை விபத்துகளுக்கு மட்டும் உரியது. மரத்திலிருந்து விழுந்தோர் அதில் அடங்கார். தென்னை வளர்ச்சி வாரியத்தின் 'கேர சுரக்சா' காப்பீடு மரமேறுவோர்க்கென அமைந்தது. விபத்திற்கு முன்பே பதிவு செய்தவருக்கே இது பயன்படும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின்படி சான்று பெற்றவர்கள் மாநில அரசின் உதவிகளுக்கு விண்ணப்பிக்கலாம்.

தடுப்பு முறைகள்

தென்னை வளர்ச்சி வாரியம் 2011இல் 'தென்னை மரங்களின் நண்பர்கள்' என்னும் பயிற்சியைத் தொடங்கியது. இதில் கருவியின் துணையுடன் மரமேறக் கற்பிக்கப்படுகிறது. கேரளத்தின் அப்பச்சன் என அழைக்கப்படும் எம். ஜே. ஜோசப் உருவாக்கிய கருவி பரவலாக அறியப்பட்டது. இதில் மரத்தைச் சுற்றி வளைக்கும் கம்பி வடத்துடன் கூடிய இரு சட்டங்கள் உள்ளன. ஒன்றில் உடலின் எடை நிற்கும்போது அது மரத்தை இறுகப் பற்றிக்கொள்ள, மற்றொன்று மேலே நகர்த்தப்படுகிறது. எனினும் கருவி மட்டும் விழுதலைத் தடுப்பதில்லை. உடலோடு மரத்தை இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் அணிதல் வேண்டும். கொண்டைப் பகுதியில் கருவியை விட்டு இறங்கும் கணமே மிகவும் ஆபத்தானதாகும்.

மழை பெய்யும்போதும் மரம் ஈரமாக உள்ளபோதும் ஏறாதிருத்தல், கயிற்றை ஏறும் முன் ஒவ்வொரு நாளும் சோதித்தல், தனியாக ஏறாதிருத்தல், மரத்தடியில் கற்களை அகற்றுதல், மறுநடவின்போது குட்டை வகை அல்லது குட்டை-நெட்டை ஒட்டு வகைகளைத் தேர்ந்தெடுத்தல் ஆகியவை எளிய தடுப்பு முறைகளாகும். மரத்தின் உரிமையாளரும் ஏறுபவரும் காப்பீட்டையும் பாதுகாப்புப் பட்டையையும் கூலியோடு சேர்ந்த செலவாகக் கொள்வது இக்காயங்களின் இழப்பைப் பெரிதும் குறைக்கும்.

இவற்றையும் பார்க்க

- முதுகெலும்பு
- தண்டுவடம்
- எலும்பு முறிவு
- இயன்முறை மருத்துவம்
- தென்னை
- தொண்டாமுத்தூர்